பெர்னிக்குப் போடுகிற ஓட்டு வீணாகிவிடுமா? பிரைமரி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை, பென்சில்வேனியா
15 பிப்ரவரி 2016

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செப்டம்பரில்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப் பிரமாணம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் மேசை போட்டு இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்த்துச் சொல்லி, வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். எந்தக் கட்சி என்று கேட்டிருந்த இடத்தில் ‘எந்தக் கட்சியும் இல்லை’ என்பதை டிக் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். பொதுவாக இருப்பது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது, ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தலில் ஹிலாரி கிளின்டனை எதிர்த்து நிற்கிற பெர்னி சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் பையன் ஊஞ்சலிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், எக்ஸ்ரே எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள், மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்புறம் பில் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்குத் தனியாக ஒன்று, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னவருக்கு ஒன்று, கட்டுப் பிரித்ததற்கு இன்னொன்று. எல்லாம் சேர்த்து 4,186 டாலர். காப்பீடு இருக்கிறது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கவும் செய்கிறார்கள், ஆனால் டிடக்டிபிள் என்று அவர்கள் வைத்திருக்கிற தொகை தீருகிற வரைக்கும் எல்லாம் நம் கையிலிருந்துதான். பதினான்கு மாதம் தவணையாகக் கட்டினோம். அதே வருடம் மதுரையில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், அரசு ராஜாஜி மருத்துவமனையில். கூட்டம் தாங்காது, தம்பி நான்கு ராத்திரி தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தான், அதெல்லாம் உண்மை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும்போது பில் என்று ஒரு காகிதத்தை யாரும் நீட்டவில்லை. மருத்துவம் என்பது மனுஷனுக்குக் கிடைத்தே ஆக வேண்டிய ஒன்று என்று இந்த ஊர் மேடையில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தும்போது எனக்கு அது புரட்சியாகத் தெரியவில்லை, எங்கள் அம்மா ஆபரேஷன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

போன சனிக்கிழமை தெரிந்தவர்கள் வீட்டில் கூடியிருந்தோம். பெர்னி என்று சொன்னதும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு 74 வயது, தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறார், கட்சி மாநாட்டில் தன் இஷ்டப்படி ஓட்டுப் போடுகிற கட்சிப் பெரியவர்களான சூப்பர் டெலிகேட் எல்லோரும் ஹிலாரி பக்கம், நியூ ஹாம்ப்ஷயரில் 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தும் கடைசியில் டெலிகேட் (மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதி) கணக்கு 15க்கு 15 ஆகிவிட்டது, ஓட்டை ஏன் வீணாக்குகிறாய் என்றார்கள். என் கணவரும் ஹிலாரி ஆதரவுதான். “ஜெயிக்கிற குதிரை மேல கட்டும்மா” என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வராத குறை.

அதனால் கேட்கிறேன். கட்சி இல்லாமல் பதிவு செய்த நான் பிரைமரியில் ஓட்டுப் போட முடியுமா? அவர் தோற்றுவிட்டால் என் ஓட்டு குப்பைக்குத்தான் போகுமா? ஓட்டு தவிர வேறு என்ன செய்யலாம்? என் கொழுந்தன் எங்களோடுதான் இருக்கிறான், எச்-1பி விசா, அவனுக்கும் ஆர்வம் உண்டு, பெர்னிக்கு 27 டாலர் நன்கொடை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அனுப்பலாமா?


மூன்றாறு, பிட்ஸ்பர்க்

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கட்சியை மாற்றுங்கள், இன்றைக்கே. பென்சில்வேனியாவில் மூடிய பிரைமரி. ஜனநாயகக் கட்சி என்று பதிவானவர்கள் மட்டும்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். கட்சி இல்லாதவர்களைச் சாவடியில் உள்ளேயே விட மாட்டார்கள் என்று இல்லை, ஆனால் அதிபர் வேட்பாளருக்கான சீட்டு கையில் வராது. நம் பிரைமரி ஏப்ரல் 26, மாற்றுவதற்குக் கடைசி நாள் மார்ச் 28. போன ஆகஸ்டிலிருந்து இணையத்திலேயே மாற்றலாம், ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. புது அட்டை தபாலில் வரும். வரவில்லை என்றால் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு போன் போட்டு, பெயரும் கட்சியும் ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் இருக்கிற நம் ஆட்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அங்கே ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் கட்சி மாற்ற வேண்டுமானால் போன அக்டோபர் 9க்குள் மாற்றியிருக்க வேண்டும், பிரைமரியோ ஏப்ரல் 19. ஆறு மாதம் முன்னால் யாருக்கு இந்த ஞாபகம் இருக்கும்? புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் மார்ச் 25 வரை நேரம் உண்டு. தெரிந்தவர்கள் யாராவது இந்த வருடம் குடியுரிமை வாங்கியிருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.


சோளக்காடு, டிமாய்ன்

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் நேரில் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பிப்ரவரி 1, திங்கள் ராத்திரி, எங்கள் அயோவா மாநிலத்தில் காக்கஸ், அதாவது பிரைமரிக்குப் பதிலாக வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் கூடித் தேர்ந்தெடுப்பது. எங்கள் வட்டாரத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்று ஆறேகாலுக்கே போனோம், அதற்குள் வரிசை வாசல் தாண்டி வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் நிற்கிறது. உள்ளே ஓட்டுப் பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. பெர்னி ஆட்கள் ஜன்னல் பக்கம், ஹிலாரி ஆட்கள் பால் குளிர்பெட்டி இருக்கிற பக்கம், மூன்றாவது வேட்பாளர் மார்ட்டின் ஓமாலிக்கு வந்தவர்கள் நடுவில் ஒரு மேசையில். யார் யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரர், என் மகளின் பியானோ டீச்சர், இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் நின்று எனக்குக் கை ஆட்டினார்கள். எண்ணுவதும் தலையை எண்ணுவதுதான். ஒவ்வொருவராக “ஒன்று”, “இரண்டு” என்று சத்தமாகச் சொல்லிக் கையைக் கீழே இறக்க வேண்டும். நான் 87.

இதில் 15 சதவீதக் கணக்கு ஒன்று உண்டு. நம்ம ஊரில் பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி, பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தொடாத அணிக்கு டெலிகேட் கிடையாது. ஓமாலி மேசையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள், தேறவில்லை. அரை மணி நேரம் கொடுத்து வேறு அணிக்குப் போகலாம் என்றார்கள். அங்கே பார்க்க வேண்டும் நீங்கள்! இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போனவள் பதினேழு வயதுப் பெண், நவம்பருக்குள் பதினெட்டு ஆகிவிடும் என்பதால் அவளும் கலந்துகொள்ளலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மா எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்க்கிறாள் என்பதை மட்டும் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஏழு பேர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார்கள். அந்த ஏழு பேரால் எங்கள் வட்டாரத்தில் ஒரு டெலிகேட் கூடுதலாகக் கிடைத்தது.

மாநிலம் முழுக்கக் கூட்டினால் ஹிலாரி 49.8, பெர்னி 49.6. செய்தியில் ஹிலாரி வெற்றி என்றுதான் போட்டார்கள். ஆனால் தேசிய மாநாட்டு டெலிகேட் கணக்கில் 23க்கு 21. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த 21தான். நம்ம ஊர்த் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஒரு ஓட்டு குறைந்தாலும் அவ்வளவுதான், எம்எல்ஏ ஒருத்தர்தானே. நாம் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்ததால் தோற்கிறவருக்குப் போட்டால் வீண் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஜனநாயகக் கட்சி பிரைமரி அப்படி நடப்பதில்லை. வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப டெலிகேட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், மாநில அளவிலும் உண்டு, தொகுதி அளவிலும் உண்டு. உங்கள் பென்சில்வேனியாவில் அப்படிப் பிரிப்பதற்கு 189 டெலிகேட் இருக்கிறது. பெர்னி அங்கே 42 சதவீதம் வாங்கித் தோற்றாலும் அந்த 42க்கு உரியது அவருக்கு வந்தே தீரும்.

சூப்பர் டெலிகேட் பற்றி: மொத்தம் 712 பேர், எம்பிக்கள், கவர்னர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள். பாதிப் பேர் இப்போதே ஹிலாரி என்று சொல்லிவிட்டது உண்மை. ஆனால் அவர்கள் மாநாட்டில் கை தூக்குகிற வரைக்கும் மாறலாம். 2008லும் முதலில் ஹிலாரி பக்கம் நின்றார்கள், மக்கள் ஓட்டு ஒபாமா பக்கம் சாய்ந்ததும் எம்பி ஜான் லூயிஸ் உட்படப் பலர் மாறினார்கள். அதனால் நியூ ஹாம்ப்ஷயரில் 15க்கு 15 என்று யாராவது சொன்னால், அது சூப்பர் டெலிகேட்டையும் சேர்த்த கணக்கு, மக்கள் கொடுத்தது 15க்கு 9 என்று திருப்பிச் சொல்லுங்கள்.


எட்டயபுரத்தான், வர்ஜீனியா

நான் ஹிலாரிக்குத்தான் ஓட்டுப் போடப் போகிறேன், மார்ச் 1 எங்கள் பிரைமரி. ஆனாலும் சகோதரியின் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் உங்களிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பிரைமரி என்பதே மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுவதற்குத்தான்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் எப்படி நிறைவேறியது என்று நாள்தவறாமல் பார்த்தவன் நான். அவையில் குடியரசுக் கட்சி ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. அரசே நடத்துகிற காப்பீடு ஒன்றையும் ஒரு தேர்வாக வைக்கலாம் என்றார்கள், சொந்தக் கட்சி செனட்டர்களையே ஒத்துக்கொள்ள வைக்க முடியாமல் அது செனட்டில் கைவிடப்பட்டது. அப்படியிருக்க, முதியோருக்கு உள்ள மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டை எல்லோருக்கும் கொடுப்பேன் என்கிற பெர்னி அதை எந்த செனட்டை வைத்துக்கொண்டு நிறைவேற்றுவார்? ஹிலாரி 1993இல் இதே விஷயத்தில் அடிபட்டவர், அதன் பிறகு 1997இல் குழந்தைகளுக்கான காப்பீட்டுத் திட்டம் வருவதற்குப் பாடுபட்டவர். கிடைக்கிறதைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே நகர்கிறவர் எனக்கு வேண்டும்.

இரண்டாவது, முந்தாநாள் நீதிபதி ஸ்கேலியா இறந்துவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலி. ஒபாமா நியமிக்க விடமாட்டோம், அடுத்த அதிபர்தான் நியமிக்க வேண்டும் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கானல் அன்றைக்கே சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் கொண்ட நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன் பெயரும் அந்த இடத்துக்கு அடிபடுகிறது, எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நவம்பரில் தோற்றால் இருபது முப்பது வருடத்துக்குச் சட்டத்தின் போக்கே மாறிவிடும். 1972இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் பின்னால் இதே மாதிரி இளைஞர் கூட்டம் திரண்டது, கடைசியில் மாசசூசெட்ஸும் தலைநகரமும்தான் மிஞ்சியது. அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. மனசாரப் போடுங்கள், ஜூலையில் யார் வேட்பாளராக வந்தாலும் நவம்பரில் சேர்ந்து நில்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.


பழைய டிட்ராய்ட்

வைகைக்கரை அம்மா, எனக்கு உங்கள் அப்பா வயது இருக்கும். 1974இல் இங்கே வந்தேன், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இதே கேள்வி ஒரு காலத்தில் இருந்தது, எனவே எழுதுகிறேன்.

1988. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு ஜெஸ்ஸி ஜாக்சன் இரண்டாவது முறையாகப் போட்டியிடுகிறார். கறுப்பினப் பாதிரியார், எந்தப் பதவியும் வகித்ததில்லை, இவர் எங்கே ஜெயிக்க என்றுதான் பத்திரிகை எல்லாம் எழுதியது. அந்த வருடம் ஜனவரியில் பக்கத்து விஸ்கான்சினில் கெனோஷா கார்த் தொழிற்சாலையை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும். ஜாக்சன் அங்கே போய்த் தொழிலாளர்களோடு நின்றார். என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்காரத் தொழிலாளிகள், அதுவரை கறுப்பர் குடியிருக்கிற தெருவுக்குள் வண்டியைக்கூட விடாதவர்கள், அவர் பேச்சை ரேடியோவில் கேட்டுவிட்டுச் சாப்பாட்டு இடைவேளையில் அமைதியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மார்ச் 26, சனிக்கிழமை, மிச்சிகன் காக்கஸ். தொழிற்சங்க மண்டபத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன், குடியுரிமை வாங்கி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற கறுப்பினப் பாட்டி ஒருவர் தலைக்குத் தொப்பி, கைக்கு வெள்ளை உறை, சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார். ஜாக்சன் அன்றைக்குப் போட்டியாளர் டுகாகிஸை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டு வாங்கினார். ஒரு வாரம் நாடே அவரைத்தான் பேசியது. அப்புறம் விஸ்கான்சினில் தோற்றார், நியூயார்க்கில் தோற்றார், வேட்பாளர் டுகாகிஸ்தான்.

அப்போது எனக்கும் வீணாகிவிட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தத் தோல்வி கொடுத்த பலனை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 70 லட்சம் ஓட்டும் ஆயிரத்துக்கு மேல் டெலிகேட்டும் கையில் இருந்ததால்தான் மாநாட்டில் கட்சியோடு பேரம் பேச ஜாக்சனுக்குப் பலம் இருந்தது. அவர் ஆட்கள் விடாப்பிடியாக நின்று, சில மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே மொத்தமும் அல்லது கூடுதல் பங்கு என்றிருந்த முறையை ஒழித்து, 1992 முதல் எல்லா இடத்திலும் ஓட்டு விகிதப்படிதான் டெலிகேட் என்று கொண்டுவந்தார்கள். டிமாய்ன் தம்பி சொன்ன 23க்கு 21 கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? 2008இல் கலிஃபோர்னியா, நியூயார்க் என்று பெரிய மாநிலங்களில் ஒபாமா தோற்றும் தாக்குப் பிடித்தாரே, அதற்கும் இந்த விதி ஒரு காரணம். அந்தப் பாட்டி இருபது வருடம் முன்னால் போட்ட ஓட்டு அதில் இருக்கிறது. நான் போட்டதும் இருக்கிறது.

அந்த 1988இல் வெர்மான்ட்டில் பர்லிங்டன் நகர மேயராக இருந்தவர் யார் தெரியுமா? சாண்டர்ஸ். அங்கே காக்கஸுக்குப் போய் ஜாக்சனுக்காக எழுந்து பேசியவர். அவர் அந்த மேயர் பதவிக்கு முதலில் வந்ததே 1981இல் பத்து ஓட்டு வித்தியாசத்தில். பத்தே ஓட்டு. ஒரு தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் வீணாகிவிடும் என்று வீட்டில் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இருந்திருக்காது.

எட்டயபுரத்தான் தம்பிக்கு: உங்கள் பயம் நியாயமானது, நானும் 1972 கதையை இங்கே வந்த புதிதில் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் செனட் ஒத்துக்கொள்ளாது என்பதற்காகக் கேட்கவே கூடாது என்றால், செனட் எப்போது மாறும்? ஈராக் போருக்கு 2002இல் ஓட்டெடுப்பு நடந்தபோது எதிர்த்தால் அரசியல் வாழ்வே போய்விடும் என்றுதான் சொன்னார்கள். ஹிலாரி ஆதரித்துப் போட்டார், சாண்டர்ஸ் எதிர்த்துப் போட்டார். என் தெருவில் அந்தப் போருக்குப் போன பையன் ஒருவன் இன்னமும் கதவு சாத்துகிற சத்தத்துக்குத் துள்ளி எழுகிறான். நடக்கிற காரியமா என்பதை மட்டும் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் அன்றைக்குத் தவறிவிட்டார்கள். இருந்தாலும் நவம்பரில் சேர்ந்து நிற்பேன், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

எங்களுக்குப் பிரைமரி மார்ச் 8. கருத்துக்கணிப்பில் சாண்டர்ஸ் வெகுதூரம் பின்னால் இருக்கிறார். இரண்டு வாரமாக ஃப்ளின்ட் நகரத்துக்குத் தண்ணீர்ப் பெட்டி கொண்டுபோய் இறக்குகிறோம், 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றியதிலிருந்து குழாயில் ஈயம் கலந்து வருகிற ஊர். அங்கே வீடு வீடாகப் போகும்போது அவர் பெயரை நாங்கள் எடுக்காமலே ஜனங்கள் எடுக்கிறார்கள். அதனால் கருத்துக்கணிப்பை நான் அப்படியே நம்புவதாக இல்லை.


கொல்லிமலை, ஆஸ்டின்

டெக்சாஸில் நாளையிலிருந்து முன்கூட்டிய வாக்குப்பதிவு, 26ஆம் தேதி வரை. இங்கே கட்சிப் பதிவே கிடையாது, எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புகைப்பட அடையாள அட்டை மறக்காதீர்கள்.

அக்காவின் கொழுந்தனுக்கு: பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டும்தான் கொடுக்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கிற யாரும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, கூட்டாட்சிச் சட்டம். பிரச்சாரக் கடையில் டி-சட்டை, காபிக் கோப்பை வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் சேரும், அதுவும் வேண்டாம். அண்ணி பெயரில் தன் பணத்தைக் கொடுப்பதும் தப்பு. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம், தாராளமாக. போன் பேசலாம், கதவு தட்டலாம், கூட்டத்தில் நாற்காலி போடலாம். பிரச்சாரத்தின் முடிவுகளில், செலவு விவகாரத்தில் தலையிடக் கூடாது, அவ்வளவுதான். வாக்காளர் பதிவுப் படிவத்தை யாராவது கையில் திணித்தால் மட்டும் வாங்காமல் நகர்ந்துவிடச் சொல்லுங்கள், தெரியாமல் பதிவு செய்தால்கூடப் பின்னால் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் வினையாகும். அக்கா நீங்கள் கொடுக்கலாம், பிரைமரிக்கு 2,700 டாலர் வரை. போன வருடம் மட்டும் 25 லட்சம் சின்னச் சின்ன நன்கொடை வந்திருக்கிறது அவருக்கு, ஜனவரியில் 2 கோடி டாலர். பெரும்பணக்காரர் குழு எதையும் வைத்துக்கொள்ளாமல். உங்கள் 27 டாலருக்கு மதிப்பு இருக்கிறது.

போன் பேசுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நானும் பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். என் உச்சரிப்பு யாருக்காவது புரியுமா, திட்டுவார்களோ என்று ஒரே தயக்கம். கணினியில் உள்ளே போனால் அதுவே எண்களை வரிசையாக அழைத்துக்கொண்டே இருக்கும், யாராவது எடுத்தால் மட்டும் உங்கள் காதில் ஒரு சின்ன ஒலி, திரையில் அவர் பெயரும் ஊரும் வரும். பேச வேண்டியது எழுதியே இருக்கும், ஆனால் அதைப் படிக்காதீர்கள், முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நூறு அழைப்பில் பத்துப் பேர் பேசினால் பெரிது. வைத்துவிடுவார்கள், அதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. நேற்று ராத்திரி நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸில் ஒரு பெண், சூதாட்ட விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிறவர், சனிக்கிழமை ஷிஃப்ட் இருக்கிறது, காக்கஸுக்குப் போக முடியாது என்று வைக்கப் பார்த்தார். ஷிஃப்டில் இருக்கிறவர்களுக்காக சூதாட்ட விடுதிகள் இருக்கிற வீதியிலேயே சில விடுதிகளுக்குள் காக்கஸ் நடத்துகிறார்கள், பதிவு இல்லாவிட்டால் அன்றைக்கே பதிந்துகொள்ளலாம் என்று சொன்னேன். “நிஜமாவா?” என்று மூன்று முறை கேட்டார். பேனா எடுத்து வருகிறேன் என்று போனவர் வருகிற வரைக்கும் பின்னால் குழந்தை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. ஜெயிப்பாரா தோற்பாரா என்று அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவர் பேனாவோடு திரும்பி வர வேண்டுமே என்றுதான் இருந்தது. வந்தார்.


வைகைக்கரை, பென்சில்வேனியா
18 பிப்ரவரி 2016

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை ராத்திரியே மாற்றிவிட்டேன். மூன்றாறு சொன்ன மாதிரி ஐந்து நிமிடம்தான், ஆனால் கட்சி என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் அப்பா கடைசி வரை யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் ஒரு அரசாங்கப் பதிவேட்டில் ஒரு கட்சியின் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். அட்டை வரட்டும், வந்ததும் கவுண்டிக்கும் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறேன்.

டிட்ராய்ட் ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் மாறவில்லை, ஸ்கேலியா விஷயத்தில் எட்டயபுரத்தான் அண்ணா சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் வீணாகிவிடும் என்ற வார்த்தையை அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. ஏப்ரல் 26 காலையில் ஒரே வண்டியில் போய் ஆளுக்கொரு பெயரில் குத்திவிட்டு வருவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் பையனைத் தூங்க வைத்துவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன், நெவாடாவில் அப்போது மணி ஐந்து. கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வட்டாரத்துக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று தேடித் தேடி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தான். 27 டாலர் நான் என் கணக்கிலிருந்து அனுப்பினேன், அவனிடம் வாங்கவில்லை. முதல் பதினெட்டு அழைப்பில் யாரும் எடுக்கவில்லை அல்லது உடனே வைத்துவிட்டார்கள். பத்தொன்பதாவது ரீனோவில் ஒரு தாத்தா. என் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லி, எந்த ஊர் என்று கேட்டு, மதுரை என்றதும் அது எங்கே இருக்கிறது என்று கேட்டு, அப்புறம் தன் மனைவியின் மருந்துச் செலவைச் சொல்ல ஆரம்பித்தார். இருபது நிமிடம். இன்சுலின் விலையை அவர் மாத வாரியாக எழுதி வைத்திருக்கிறார். பையனுடைய பில்லைப் பற்றி நானும் சொன்னேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் போக வேண்டிய இடத்தின் முகவரியைக் கொழுந்தன் நோட்டைப் பார்த்துப் படித்தேன், அவர் திருப்பிப் படித்துக் காட்டினார், கதவு எண்ணை ஒரு முறை தப்பாகப் படித்துத் திருத்திக்கொண்டார்.

இன்றைக்கும் எட்டு மணிக்கு உட்காருகிறேன். கொல்லிமலை தம்பி, காதில் அந்த ஒலி வந்ததும் திரையில் பெயர் வருவதற்குள் அவர்கள் ஹலோ சொல்லி வைத்துவிடுகிறார்கள், அதற்கு என்ன செய்கிறீர்கள்?